சாகத் தெரிந்த சாமிகள்

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த கையோடு என் வீட்டுப் படியேறுகிற பிள்ளைகள் இரண்டு வகை. டியூஷன் பீஸ் பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போக வருகிறவர்கள் ஒரு வகை. விடுமுறைக்குப் புத்தகம் கேட்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது கூட்டம் சின்னது, ஆனால் லேசில் விடாது. திங்கள்சந்தையில் வீட்டு முன்னறையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற எனக்கு இந்தச் சின்னக் கூட்டத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. இந்த ஆண்டு அவர்கள் மாறிமாறிக் கேட்டது ஒன்றைத்தான்: "தோர் வருகிற புத்தகம் இருக்கிறதா டீச்சர்?"

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுத்துவிட்டு அவர்கள் தூங்கிய பிறகு தாங்களே எடுத்துப் படிக்கிற பெரியவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். எனக்கு அப்படிச் சிலரைத் தெரியும்.

முதலில் சினிமாவை மறந்துவிட வேண்டும். மார்வெல் படத்துத் தோருக்குப் பொன்னிறத் தலைமுடி, லோகி என்று ஒரு வளர்ப்புத் தம்பி. பழைய ஐஸ்லாந்துக் கதைகளில் வருகிற இடிச் சாமி தோருக்குச் செந்தாடி. லோகி அவனுக்குத் தம்பியே கிடையாது. தோரின் அப்பாவும் சாமிகளின் தலைவனுமான ஓடினோடு இரத்தம் கலந்து சகோதரனானவன். முறை வைத்துப் பார்த்தால் தோருக்குச் சித்தப்பா ஆக வேண்டும். படத்தில் அக்காவாக வந்து மிரட்டுகிற ஹெலா, மூலக்கதையில் லோகியின் மகள் ஹெல். செத்தவர்களின் உலகத்தை ஆள்பவள். இதைச் சொன்னதும் பாதிப் பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடும். மீதிப் பாதிக்கு அப்போதுதான் ஆர்வமே பிறக்கும்.

இந்தக் கதைகள் நம் கைக்கு வந்து சேர்ந்த வழியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நாவல்களை இரட்டிப்பாக ரசிக்கலாம். கி.பி. 1000 வாக்கில் ஐஸ்லாந்து மக்கள் கிறிஸ்தவத்துக்கு மாறினார்கள். மாறுவதா வேண்டாமா என்று நாட்டுச் சபையில் அடிதடி வரும் நிலை. முடிவு சொல்லும் பொறுப்பு தோர்கெய்ர் என்ற சட்டத் தலைவனிடம் வந்தது. அவனோ பழைய சாமிகளைக் கும்பிடுகிறவன். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தான். எழுந்து வந்து எல்லோரும் ஞானஸ்நானம் பெறட்டும் என்று தீர்ப்புச் சொன்னான். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1220 வாக்கில், ஸ்நோரி ஸ்டர்லுசன் என்ற இன்னொரு சட்டத் தலைவர் பழைய சாமிகளின் கதைகளை உரைநடையில் எழுதிவைத்தார். அதுதான் 'உரைநடை எட்டா' என்ற நூல். ஸ்நோரி கிறிஸ்தவர். பழைய கவிதைகள் முழுக்கப் புராணக் குறிப்புகளால் ஆனவை. அவை புரியாமல் இளம் கவிஞர்கள் திண்டாடினார்கள் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். திருச்சபைக்குப் பயந்தோ என்னவோ, முன்னுரையில் இந்தச் சாமிகள் எல்லாம் டிராய் நகரத்திலிருந்து வந்த வெறும் மனிதர்கள் என்று ஒரு போடு போட்டுவிட்டு, அதன்பிறகு ஆசை தீர அவர்களுடைய கதையைச் சொல்லுகிறார். அரசியலில் மூக்கை நுழைத்ததால் 1241-இல் சொந்த வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஸ்நோரியைப் படிக்கிறபோது எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வரும். பாட்டி சி.எஸ்.ஐ. சபை, ஞாயிறு ஆராதனைக்கு ஒரு வாரம் தவறியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு விளை தள்ளி ஒரு மாடன் கோவில். கொடைத் திருவிழா வந்தால் குழாய் ஒலிபெருக்கியைத் தென்னையில் கட்டுவார்கள்; அதன் வாய் நேராக எங்கள் அடுக்களையைப் பார்க்கும். வில்லுப்பாட்டு தொடங்கியதும் பாட்டி "பிசாசுப் பாட்டு" என்று முணுமுணுப்பார். முணுமுணுத்தபடியே மரச்சீனிக் கிழங்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்துவிடுவார். கிழங்கு எப்போதோ தீர்ந்திருக்கும். பாட்டி எழுந்திருக்க மாட்டார். குடமும் உடுக்கும் உச்சத்துக்குப் போய்ப் புலவர் ஓர் இடத்தைச் சுருக்கிவிட்டால், "சுடலை மயானத்திலே பிணம் தின்றதை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டாமா? விழுங்கிவிட்டானே" என்று இங்கே படியிலிருந்து திட்டு விழும். மறுநாள் காலையில் அதைப் பற்றிக் கேட்டால், "நான் எங்கே கேட்டேன், தூங்கிவிட்டேனே" என்பார். ஸ்நோரியின் டிராய் நகரத்து முன்னுரைக்கும் பாட்டியின் தூக்கத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் ஒன்று சொல்வேன். குமரி மாவட்டத்தில் கொடைக் காலத்தில் காதைத் திறந்துவைத்து வளர்ந்த யாருக்கும் நார்ஸ் சாமிகள், அதாவது இந்தப் பழைய வடஐரோப்பியச் சாமிகள், அந்நியமாகத் தெரிய மாட்டார்கள். வில்லில் பாடப்படும் சாமிகளில் பலர் முன்பு மனிதர்கள்: வஞ்சகமாக வெட்டுப்பட்டவர்கள், கொலையுண்டு இசக்கியாகத் திரும்பி வந்த பெண்கள். செத்த பிறகு சாமி ஆனவர்கள். வடக்கே நடப்பது அதற்கு நேர் எதிர். அவர்கள் சாமியாகவே இருக்கிறார்கள், ஆனால் சாகப்போகிறார்கள். அது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ரக்னராக் என்ற கடைசிப் போரில் ஃபென்ரிர் ஓநாய் தன்னை விழுங்கும் என்று ஓடினுக்குத் தெரியும். தோர் உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைக் கொல்வான். கொன்றுவிட்டு ஒன்பது அடி எடுத்து வைத்து, அதன் விஷத்தில் விழுந்து சாவான். இதெல்லாம் தெரிந்தேதான் அவர்கள் விருந்து வைக்கிறார்கள், பந்தயம் கட்டுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். நல்லவன் எப்படியும் ஜெயிப்பான் என்று நாம் சொன்னால் பதினாறு வயது நம்புவதில்லை. அந்த வயதுக்கு இந்தச் சாமிகளைப் பிடித்துப்போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, எதில் தொடங்குவது? அயர்லாந்துக்காரர் பாட்ரிக் கோலம் எழுதிய 'தி சில்ரன் ஆஃப் ஓடின்'. 1920-இல் வந்தது. அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டதால் முழுப் புத்தகமும் இணையத்தில் இருக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழைய காலத்து மெருகோடு இருக்கும். ஆனால் வாக்கியங்கள் சின்னவை, தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கும் இரண்டு அத்தியாயத்தில் பழகிவிடும். வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் டோலேர் தம்பதி வரைந்து எழுதிய பெரிய படப் புத்தகம் நல்லது. 1967-இல் வெளிவந்தது, இன்னும் பதிப்பில் இருக்கிறது. கொஞ்சம் ஊன்றிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு கெவின் கிராஸ்லி-ஹாலண்ட் 1980-இல் எழுதிய 'தி நார்ஸ் மித்ஸ்'. முப்பத்திரண்டு கதைகள். பின்னால் உள்ள குறிப்புகளைத் தாண்டிவிடாதீர்கள். சில இடங்களில் கதையைவிடக் குறிப்பு சுவையாக இருக்கும்.

வகுப்பில் நான் முதலில் வாசிப்பது தோர் மணப்பெண் ஆன கதை. திரிம் என்ற அரக்கன் தோரின் சுத்தியலைத் திருடி ஒளித்துவைத்துக்கொண்டு, ஃபிரெயா என்ற பெண்சாமியைக் கட்டிக்கொடுத்தால்தான் தருவேன் என்கிறான். ஃபிரெயா சீறுகிறாள். வேறு வழியில்லாமல் தோருக்கே சேலை கட்டாத குறையாக மணப்பெண் உடை உடுத்தி, முக்காடு போட்டு, லோகியைத் தோழியாக்கி அனுப்புகிறார்கள். கல்யாணப் பந்தியில் மணப்பெண் ஒரு முழு மாட்டையும் எட்டு சால்மன் மீனையும் தின்று, மூன்று பீப்பாய் தேன்மதுவைக் குடிக்கிறாள். மாப்பிள்ளை அரண்டுபோகிறான். லோகி அசராமல், "உங்களை நினைத்து எட்டு இரவுகள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பாவம்" என்கிறான். இந்த இடத்தில் ஒரு பையன் மிகவும் கவலையோடு, "பிரதமன் பாயசம் பரிமாறினார்களா டீச்சர்?" என்று கேட்டான். அன்றைக்கு அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகு ஃபென்ரிர் கதை. லோகியின் மகனான இந்த ஓநாய்க்குட்டியைச் சாமிகளே வீட்டில் வைத்து வளர்க்கிறார்கள். தினம் தினம் அது வளர்கிற வேகத்தைப் பார்த்து அவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. இரண்டு இரும்புச் சங்கிலிகளை விளையாட்டுப்போல் மாட்டிப் பார்க்கிறார்கள், அறுத்துவிடுகிறது. கடைசியில் குள்ளர்கள் பட்டுநாடா போன்ற ஒரு கட்டைச் செய்து தருகிறார்கள். பூனை நடக்கும் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறும் சேர்த்துத் திரித்தது. ஓநாய்க்குச் சந்தேகம். யாராவது ஒருவர் என் வாய்க்குள் கையை வைத்தால் கட்டுப்படுகிறேன் என்கிறது. டைர் என்ற சாமி மட்டும் முன்வந்து கையை வைக்கிறான். கட்டு இறுகுகிறது, ஓநாய் திமிறித் தோற்கிறது. எல்லாச் சாமிகளும் சிரிக்கிறார்கள். டைர் சிரிக்கவில்லை, அவனுக்குக் கை போய்விட்டது என்று எழுதுகிறார் ஸ்நோரி. அவ்வளவுதான், மேற்கொண்டு ஒரு வார்த்தை கிடையாது.

பிள்ளைகள் இங்கே ஓநாயின் பக்கம் போய்விடுவார்கள். "அது அதுவரைக்கும் என்ன தப்பு செய்தது டீச்சர்? செய்யும் என்று நினைத்துக் கட்டிப்போட்டால், பிறகு செய்யத்தானே செய்யும்?" என்று வழக்குப் பேசுவார்கள். இந்தக் கேள்வி கேட்கிற பிள்ளைக்குத்தான் நான் நாவலைக் கொடுப்பது. சாமியின் பக்கம் நின்று மட்டும் யோசிக்கிறவர்களுக்கு நாவல் தேவைப்படாது.

பிள்ளைகளிடம் அதிகம் ஓடுவது ரிக் ரியார்டனின் 'மேக்னஸ் சேஸ்' வரிசை. 2015, 2016, 2017 என்று ஆண்டுக்கு ஒன்றாக வந்த மூன்று பாகங்கள். பாஸ்டன் நகரத் தெருவில் வீடில்லாமல் திரிகிற மேக்னஸ், பதினாறாவது பிறந்தநாள் அன்றே ஒரு பாலத்தின் மேல் நெருப்பு அரக்கன் சுர்ட்டோடு மோதிச் செத்துப்போகிறான். கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. போரில் செத்த வீரர்கள் போய்ச் சேரும் வல்ஹல்லா இங்கே ஒரு பெரிய ஹோட்டல். வீரர்கள் பகலெல்லாம் வெட்டிக்கொண்டு செத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உயிரோடு எழுந்து வருவார்கள். இது ரியார்டன் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம், ஹோட்டல் மட்டும்தான் அவருடையது. தினமும் சமைத்தாலும் மறுநாள் முழுசாக எழுந்து நிற்கிற பன்றியும் பழைய கதையில் உண்டு.

முதல் பாகத்தில் வரிக்கு ஒரு நகைச்சுவை. எனக்கு நூறு பக்கத்தில் அலுத்தது, பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை. நான் சிபாரிசு செய்வது இரண்டாம் பாகத்துக்காக. அதில் ஹார்த்ஸ்டோன் என்ற காது கேளாத எல்ஃப் தன் அப்பா வீட்டுக்குத் திரும்பிப் போகிறான். தம்பியின் சாவுக்கு ஈடாக, ஒரு தோல் விரிப்பின் ஒவ்வொரு மயிரையும் காசால் மூடச் சொன்ன அப்பா அவர். பழைய எட்டாவில் இதற்கு வேர் இருக்கிறது: நீர்நாய் உருவில் இருந்த ஒரு மகனை லோகி கொன்றுவிட, அந்தத் தோலைப் பொன்னால் மூடினால்தான் உயிரோடு விடுவேன் என்று தகப்பன் கேட்கிறான், எல்லாம் மூடிய பிறகும் ஒரு மீசைமயிர் வெளியே தெரிகிறது. அங்கே அது சாமிகள் கட்டிய தண்டம். இங்கே அதே சுமை ஒரு பிள்ளையின் தலையில் இறங்கியிருக்கிறது. புராணத்தை எடுத்து நாவல் செய்வது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு அத்தியாயம் போதும்.

சமீரா அல்-அப்பாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். லோகியின் மகள், செத்த வீரர்களை வல்ஹல்லாவுக்குக் கொண்டுபோகும் வல்கிரி, ஹிஜாப் அணிகிற முஸ்லிம் பெண். மூன்றாம் பாகத்தில் அரக்கர்களோடு மல்லுக்கு நிற்கிற பயணத்தின் நடுவில் ரம்ஜான் நோன்பும் பிடிக்கிறாள். தக்கலையிலிருந்து வருகிற ஒரு பெண் இந்தப் பாகத்தைத் திருப்பித் தரும்போது பக்கங்களில் பென்சிலால் நேரம் குறித்துவைத்திருந்தாள்; சமீரா எந்தப் பக்கத்தில் நோன்பு திறந்தாள் என்று கணக்கு. இந்தக் கதைகள் வெள்ளையருக்கே சொந்தம் என்று பேசுகிறவர்கள் இருப்பதால் இந்தப் பாத்திரத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. நாஜிகள் பழைய வடஐரோப்பியரின் ரூன் எழுத்துகளைத் தங்கள் சின்னமாக்கினார்கள்; ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் அடையாளமே அப்படி வந்தது. இன்றைக்கும் நிறவெறிக் கூட்டங்கள் தோரின் சுத்தியலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகின்றன. இணையத்தில் பழைய வடஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பெருமை பேசும் பக்கங்களில் மேய்கிற பையன்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதே மூன்றாம் பாகத்தில் நக்ல்ஃபார் கப்பல் வருகிறது. செத்தவர்களின் வெட்டாத நகங்களால் கட்டப்படும் கப்பல். ரக்னராக் அன்று அரக்கர்கள் ஏறி வருவது அதில்தான். ஆகவே நகம் வெட்டாமல் யாரையும் சாகவிடாதீர்கள், கப்பல் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஸ்நோரி எச்சரிக்கிறார். வெட்டிய நகத்தை வீட்டுக்குள் போட்டால் தரித்திரம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கவலை எளிதில் புரியும்.

என் சொந்த விருப்பம் ஜோன் ஹாரிஸ் எழுதிய 'ரூன்மார்க்ஸ்', 2007. ரக்னராக் முடிந்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய சாமிகள் தோற்றுப்போனார்கள். புதிய மதம் ஒன்று ஆள்கிறது. கதை சொல்வது தப்பு, கனவு காண்பது அதைவிடத் தப்பு. கையில் பிறவிக் குறியாக ஒரு ரூன் எழுத்தோடு பிறந்த மேடி ஸ்மித் என்ற பதினான்கு வயதுப் பெண்ணைக் கிராமமே ஒதுக்கிவைக்கிறது. ஊர் ஊராகத் திரிகிற ஒற்றைக்கண் மனிதர் ஒருவர்தான் அவளுக்குக் கதையும் மந்திரமும் சொல்லித்தருகிறார். ஒற்றைக் கண் என்றதும் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிமிரின் கிணற்றில் ஒரு மிடறு ஞானத்துக்காகக் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்த ஓடின். மேடிக்குத் தெரிய வெகுநேரம் ஆகிறது. நடுவில் பாதாளத்தில் சுற்றுகிற பகுதி கொஞ்சம் நீளம். ஆனாலும் தோற்றுப்போன சாமிகள் எங்கே போவார்கள் என்று இவ்வளவு தீவிரமாக யோசித்த இளையோர் நாவல் வேறொன்றை நான் படிக்கவில்லை. கருங்கலில் இருந்து வருகிற ஒரு மாணவி இதைப் படித்துவிட்டு, "கொடை நின்றுபோன கோவில் சாமி மாதிரி இருக்கிறார் டீச்சர் அந்த ஆள்" என்றாள். விமர்சனம் என்றால் இதுதான்.

நான்சி ஃபார்மரின் 'தி சீ ஆஃப் டிரோல்ஸ்' 2004-இல் வந்தது. எட்டாம் ஒன்பதாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும். கி.பி. 793, இங்கிலாந்துக் கரையில் வைக்கிங் கப்பல்கள் இறங்குகின்றன, ஜாக் என்ற பதினொரு வயதுப் பையனும் அவன் தங்கையும் பிடிபட்டுப் போகிறார்கள். பிடித்துப் போகிறவர்களை அரக்கர்களாகக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், அவர்களோடு ஒரே கப்பலில் உட்கார்த்திச் சோறு தின்ன வைக்கிறார் ஃபார்மர். போரில் சாவதையே லட்சியமாக வைத்திருக்கும் தோர்கில் என்ற சிடுசிடுப்பான பெண்பிள்ளைக்காகவே படிக்கலாம். டயானா வின் ஜோன்ஸின் 'எய்ட் டேஸ் ஆஃப் லூக்' 1975-இல் வந்த சின்னப் புத்தகம். கொடுமைக்கார உறவினர் வீட்டில் விடுமுறையைக் கழிக்கிற டேவிட், தீக்குச்சி உரசும்போதெல்லாம் வந்து நிற்கிற சிவந்த தலைமுடிப் பையன் ஒருவனைச் சிநேகம் பிடிக்கிறான். அவன் யார், அவனைத் தேடி ஒவ்வொரு நாளும் ஒருவராக வருகிறார்களே அவர்கள் யார் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். அட்ரியன் யங்கின் 'ஸ்கை இன் தி டீப்', 2018, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. ஐந்து வருடத்துக்கு முன் கண்ணெதிரே செத்ததாக நினைத்த அண்ணன் எதிரிப் படையில் நின்று வாள் வீசுவதை ஒரு பெண் பார்க்கிறாள். அபாரமான தொடக்கம். பிறகு காதல் வந்து, எதிர்பார்த்த தடத்திலேயே போய்விடுகிறது. காதல் பிடிக்கும் என்றால் குறை ஒன்றுமில்லை.

டோல்கீனைப் படித்தவர்களுக்கு ஒரு தகவல்: 'தி ஹாபிட்' நாவலில் தோரின் என்பவன் முதலான பெரும்பாலான குள்ளர்களின் பெயர்களும் காண்டால்ஃப் என்ற பெயரும், 'கவிதை எட்டா' என்ற பழைய தொகுப்பில் உள்ள வோலுஸ்பா கவிதையின் பெயர்ப்பட்டியலிலிருந்து எடுத்தவை. அந்தக் கவிதைகள் இருக்கும் முக்கியமான கையெழுத்துச் சுவடி 1270 வாக்கில் எழுதப்பட்டது. சின்னத் தோல் புத்தகம்; நாற்பத்தைந்து ஏடுகள் மிஞ்சியிருக்கின்றன. டென்மார்க் அரசரிடம் போயிருந்த அது 1971-இல் கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தபோது துறைமுகத்தில் பெருங்கூட்டம் கூடி நின்று வரவேற்றது.

எங்கள் முன்னறையில் அதிகம் சண்டை மூட்டிய கதை எதுவென்றால் நியோர்டும் ஸ்காடியும். ஸ்காடி மலைக்காரி, அப்பாவைக் கொன்ற சாமிகளிடம் ஆயுதத்தோடு நியாயம் கேட்டு வருகிறாள். ஈடாக ஒரு மாப்பிள்ளையைத் தருவதாகச் சொல்கிறார்கள், ஆனால் பாதத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழகான பாதம் சாமிகளில் அழகனான பால்டருடையதாகத்தான் இருக்கும் என்று அவள் கையைக் காட்ட, அது கடல் சாமி நியோர்டின் பாதமாகிவிடுகிறது. (அடுத்து ஒரு ஆடும் லோகியும் வருகிற சம்பவத்தை வகுப்பில் நான் தாண்டிவிடுவேன். பெரியவர்கள் தனியாகப் படித்துக்கொள்ளவும்.) கல்யாணம் ஆயிற்று. ஒன்பது இரவு அவளுடைய மலையில் இருந்துவிட்டு, ஓநாய் ஊளை சகிக்கவில்லை என்கிறான் அவன். கடலோரத்துக்கு வந்தால், கடற்பறவைகளின் கூச்சலில் கண்மூட முடியவில்லை என்கிறாள் அவள். பிரிந்துவிடுகிறார்கள்.

பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால்வெட்டுக் குடும்பத்துப் பையன் ஒருவனும் முட்டத்துப் பெண் ஒருத்தியும் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார்கள். மாமா வீட்டுக்கு முட்டம் போனால் அலை இரைச்சலில் தனக்குத் தூக்கமே வராது என்றான் அவன். இரைச்சல் இல்லாத இடத்தில் எப்படித் தூங்குவார்கள், உன் ஊரில் ராத்திரி காது அடைத்துப்போகிறது என்றாள் அவள். ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் மலையும் கடலும் கிடைக்கிற மாவட்டத்தில் இந்தக் கதையை விளக்கிச் சொல்ல ஆசிரியர் எதற்கு? நான் காப்பி போடப் போய்விட்டேன்.

எல்லாப் பக்கமும் அப்படிச் சிரிப்பாகப் போவதில்லை. ஏ. எஸ். பையாட் 2011-இல் எழுதிய 'ரக்னராக்' இளையோர் நாவல் வரிசையில் வராது; போர்க்காலத்து இங்கிலாந்தில் ஒல்லியான ஒரு சிறுமி நார்ஸ் கதைப் புத்தகம் படிப்பதுதான் கதை. அதில் கடல்பாம்பு கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிற பகுதியை, பாம்பு சீறிப் புரளும்போது கடல் கரை ஏறுகிறது என்ற ஸ்நோரியின் வரியோடு சேர்த்து வாசித்தோம். குளச்சல் பக்கத்துப் பெண் ஒருத்தி, 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு பிறந்தவள், ஒரு சந்தேகம் கேட்டாள். "கடல் முதலில் உள்ளே வாங்கியது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். இதில் அது இல்லையே டீச்சர்?" வேறு எந்தப் பிள்ளையும் பேசவில்லை. எழுதினவர் அப்படி ஒரு கடலைப் பார்த்திருக்க மாட்டார் மக்களே என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பத்தியை அவளே வாசித்தாள்.

முடிவுக்குப் பிறகு என்ன என்பதையும் வோலுஸ்பா சொல்கிறது. கடலுக்குள்ளிருந்து பூமி மறுபடியும் பச்சையாக எழுகிறது. செத்த பால்டர் திரும்புகிறான். பழைய சாமிகள் விளையாடிய பொற்காய்கள் புல்லில் கிடந்து அகப்படுகின்றன. சாமித்தோப்பு பக்கமிருந்து வருகிற ஒரு பையன் இதைக் கேட்டவுடனே அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டை எடுத்தான்: ஆறு துண்டாக வெட்டப்பட்ட அரக்கன் குறோணி யுகத்துக்கு யுகம் பிறந்து வருவதையும், கலி அழிந்து தர்ம யுகம் வருவதையும் சொன்னான். இமிர் என்ற ஆதி அரக்கனை வெட்டி அவன் உடம்பால் உலகைச் செய்த கதையோடு குறோணியை வைத்து அவன் போட்ட ஒப்பீடு, நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் தரவில்லை.

ஒரு தாயார் வந்து, "இந்தச் சாமி கதையெல்லாம் படித்தால் மார்க் வருமா டீச்சர்?" என்று கேட்டார். வராது என்று உள்ளதைச் சொன்னேன். ஆனால் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஐந்நூறு பக்க ஆங்கிலத்தைத் தானாக முடித்த பிள்ளை, பரீட்சைத்தாளில் ஒரு பத்தியைக் கண்டு பயப்படுவதில்லை. அவர் அரை மனதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆங்கிலம் வேண்டாம், தமிழில் இந்த வயதுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஜெயமோகனின் 'பனிமனிதன்' சிறுவர்களுக்கென்றே எழுதியது, இமயமலைப் பனிக்குள் கூட்டிக்கொண்டு போகும். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964, அட்டையில் எங்கும் இளையோர் நாவல் என்று போட்டிருக்க மாட்டார்கள். பனைவிளையில் ஓடித் திரிந்த லிஸி, வளர்ந்துவிட்டாள் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுக்குள் அடைக்கப்படுகிற கதையை அந்த வயதுப் பெண்கள் படிக்காமல் வேறு யார் படிப்பது? ஓநாயைக் கட்டிப்போட்டது அநியாயம் என்றவர்கள் லிஸியையும் சந்திக்க வேண்டும். யக்ட்ராசில் என்ற உலக மரத்தைப் பிடித்துப்போனவர்கள், அதாவது வேரைப் பாம்பு அரிக்க, கொழுந்தை மான் மேய, பக்கவாட்டில் பட்டை அழுகிக்கொண்டிருந்தும் நிற்கிற அந்த மரத்தை, நாகர்கோவிலுக்கு வந்து சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யைப் படிக்கலாம், 1966. மரத்தைச் சுற்றி நின்று அரிப்பவர்கள் அங்கே மனிதர்கள்.

கடைசியாகக் கொடுக்கல் வாங்கல் விவகாரம். புத்தகங்களுக்கு நான் காசு வாங்குவதில்லை. பழுப்பு அட்டை போட்டுத் திருப்பித் தர வேண்டும், பக்க மூலையை மடக்கக் கூடாது. பென்சில் குறிப்புக்கு அனுமதி உண்டு, தக்கலைப் பெண்ணின் நோன்புக் கணக்குக்குப் பிறகு அதை ஊக்குவிக்கவே செய்கிறேன். பையாட் பிளஸ் டூவுக்குக் கீழ் யாருக்கும் கிடையாது. மேக்னஸ் முதல் பாகத்துக்கு வரிசை நீளமாக இருப்பதால் அவசரப்படுகிறவர்கள் 'எய்ட் டேஸ் ஆஃப் லூக்' எடுத்துப்போகலாம், அதை இதுவரை யாரும் சீந்தவில்லை. 'ரூன்மார்க்ஸ்' கருங்கலில் இருக்கிறது. ஜூன் முதல் வாரத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறாள்.